யாருக்குப் புள்ள எழுதுற?

தரம் 10 பிள்ளைகளிடம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் பாதிப் பேர் பச்சைக் கம்பளத்தில்தான் தொடங்குவார்கள். மலைமகள் கம்பளம் விரித்திருப்பாள், இலை நுனியில் பனி முத்து மின்னும், மங்கையர் புன்னகையோடு கொழுந்து கொய்வார்கள். இதை எழுதும் பிள்ளையின் அம்மா அதே நேரத்தில், வகுப்பு ஜன்னலுக்கு எதிரே தெரியும் மலையில், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, காலில் ஏறும் அட்டையைப் பிய்த்துப் போட்டபடி நிரை பிடித்துப் போய்க்கொண்டிருப்பார். பிள்ளைக்கு அது தெரியாதா? காலையில் அம்மாவுக்கு ரொட்டி சுட்டு மடித்துக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை அது. ஆனாலும் தாளில் இறங்குவது கம்பளம்தான்.

அந்தக் கம்பளம் நுவரெலியா வீதியில் வேனை நிறுத்திப் படம் எடுக்கிறவரின் கண்ணில் படுவது. அவர் பார்ப்பதில் தப்பில்லை. அவர் நிற்கிற இடத்திலிருந்து மலை அப்படித்தான் தெரியும். மலைக்குள்ளே நிற்கிற பிள்ளை அவருடைய கண்ணைக் கடன் வாங்கி எழுதுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹட்டன் டவுனில் விற்கும் கட்டுரைப் புத்தகங்களில் இந்த வரிகள் தயாராக இருக்கின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்.

நான் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று, மறுபடியும் தோட்டத்துக்கே வந்தவள். "தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் வராது" என்று வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பிள்ளைகளிடம் தமிழ் இருக்கிறது. எழுத உட்காரும்போது எதிரே ஆள் இல்லை என்பதுதான் குறை.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். பாடசாலை விட்டு அம்மாவுக்குத் துணையாக வந்த பெண் பிள்ளை, கணக்கப்பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறாள்? "ஐயா, அம்மாவுக்கு நேத்து அரைப்பேருன்னு சொன்னாங்களாம், புத்தகத்துல ஒருக்கா பாருங்கய்யா." அரைப்பேர் என்றால், சொன்ன அளவுக்குக் கொழுந்து வராததால் பாதி நாள் சம்பளம் என்று எழுதிவிடுவது. அதே பிள்ளை லயத்துக்குத் திரும்பும் வழியில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கண்டால் பேச்சு மாறும்: "தலைவரே, மழைத் தண்ணின்னு சொல்லி நாலு கிலோ கழிச்சிட்டாங்க. அதனாலதான் பேரு கொறைஞ்சிருச்சு. நாளைக்கு நிறுக்கிற நேரம் நீங்க வந்து நிக்கணும்." வீட்டுக்குப் போய் அம்மாயியிடம் அதையே சொல்லும்போது கிலோவும் இல்லை, கணக்கும் இல்லை. "அம்மா முகத்தைப் பார்க்க முடியல அம்மாயி" என்பதோடு முடிந்துவிடும்.

நடந்த சங்கதி ஒன்றுதான். அதை மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்கிறாள். புத்தகம் யார் கையில் இருக்கிறது, நியாயம் கேட்க யாரால் முடியும், ஆறுதல் யாரிடம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிகிறது. இதை அவளுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பேனாவைக் கொடுத்ததும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறது? கணக்கப்பிள்ளை, தலைவர், அம்மாயி எல்லாரும் மறைந்துவிடுகிறார்கள். வெறும் தாள் மட்டும் இருக்கிறது.

இதைப் பற்றி உலகில் நிறையப் பேர் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் லாயிட் பிட்ஸர் 1968இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுகிறது. ஒரு பேச்சு அல்லது எழுத்து தேவைப்படுவதே ஒரு சூழ்நிலையால்தான் என்றார் அவர். ஒரு குறை இருக்கவேண்டும், அது பேச்சாலோ எழுத்தாலோ தீரக்கூடியதாக இருக்கவேண்டும். அதைத் தீர்க்கும் சக்தி உள்ள ஆட்கள் இருக்கவேண்டும். அவர்களையும் நம்மையும் கட்டிப்போடுகிற சட்டம், வழக்கம், நம்பிக்கை, நிலைமை என்று சில இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாரையும் அவர் கேட்போர் என்று கணக்கில் எடுக்கவில்லை. காரியத்தை மாற்றக்கூடியவரே கேட்போர் என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் ஆச்சரியப்படவில்லை. தலைவரிடம் சொல்லவேண்டியதை அம்மாயியிடம் சொன்னால் கிலோ திரும்பி வராது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நமது இலக்கணக்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள் என்பதைத் தமிழ் ஆசிரியராகச் சொல்லாமல் இருக்க முடியாது. தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது எழுத்து, அசை, சீர் என்பவற்றோடு நிற்கவில்லை. பேசுகிறவர், கேட்போர், களம், காலம், பயன் இவற்றையும் செய்யுளின் உறுப்பு என்றே எண்ணுகிறது. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொல்வது என்று கேட்கிறவருக்கு விளங்கும்படி அமைவதை முன்னம் என்று தனி உறுப்பாகவும் வைத்திருக்கிறது. நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு முன்னுரை எழுதுகிறவர் சொல்லவேண்டியவற்றில் அதைக் கேட்பதற்குரியவர் யார், அதனால் வரும் பயன் என்ன என்பவற்றையும் சேர்க்கிறது. இலக்கணம் படிக்கிறவர்கள் இவற்றைப் புள்ளிக்காகப் படிக்கிறார்கள். தரம் 6 பிள்ளை ஒரு கடிதம் எழுதும்போது இவை கைக்கு வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

வகுப்பில் இதை எப்படிச் செய்கிறோம் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்கிறேன்.

பயிற்சிகளில் அடிக்கடி வரும் கேள்வி: உமது கிராமத்துப் பாதையைத் திருத்தித் தருமாறு பிரதேச சபைத் தவிசாளருக்குக் கடிதம் எழுதுக. ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான். பாதை குன்றும் குழியுமாக இருந்தது, மக்கள் சொல்லொணாத் துயரம் அடைந்தார்கள், ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பயிற்சிக்கு முழுப் புள்ளியும் போடலாம். நான் கொப்பியை மூடிவைத்துவிட்டு, "நீ வாற பாதை யாருடையது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். வீட்டில் ஆளுக்கொரு பதில் வந்தது. தோட்டத் துரையுடையது என்றார் ஒரு அப்பா. அரசாங்கத்தினுடையது என்றார் ஒரு தாத்தா. இரண்டிலும் உண்மை இருந்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையது, நடத்துவது கம்பனி, நடக்கிறவர்கள் நாங்கள்.

அப்படியானால் பிரதேச சபை எங்கே வருகிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபையின் பணத்தில் கிராமங்களுக்குப் பாதையும் கிணறும் பொது வசதிகளும் செய்துகொடுக்க இடம் கொடுத்தது. தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. எங்கள் மக்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களித்தார்கள், எங்கள் ஆட்களே உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் வந்தார்கள், ஆனால் சபையின் பணம் தோட்டத்தின் எல்லைக் கல்லோடு நின்றது. பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்னால், முத்து முத்தான எழுத்தில் முழுப் புள்ளி வாங்கும் கடிதம் ஒன்றைத் தவிசாளருக்கு அனுப்பியிருந்தாலும், அவர் நல்ல மனிதராகவே இருந்திருந்தாலும், அந்தக் கடிதம் சேர வேண்டிய கையில் சேரவில்லை என்றுதான் அர்த்தம். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருப்பார்கள்!

பையன் மறுபடி எழுதினான். இந்த முறை ஒரு கடிதம் இரண்டானது. இரண்டுக்கும் சரக்கு ஒன்றே: கோயில் வளைவுக்குக் கீழே மதகு உடைந்திருக்கிறது, மே மாத மழையிலிருந்து லொறி மேல் டிவிஷனுக்கு வருவதில்லை, பிள்ளை பெறப் போன ஓர் அக்காவைக் கம்பளியில் வைத்து வளைவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்ட முகாமையாளருக்கு எழுதியதில் லொறி முதலில் வந்தது. கொழுந்து மூட்டைகளை ஆட்கள் சுமந்து கீழே இறக்கவேண்டியிருக்கிறது, ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் கொழுந்து சூடேறிப் பழுதாகிறது என்று எழுதினான். தவிசாளருக்கு எழுதியதில் அந்த அக்கா முதலில் வந்தார். அதற்கடுத்து, மதகைக் கடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகள். சட்டம் திருத்தப்பட்டதைக் குறிப்பிட்டு, கம்பனிக்கும் எழுதியிருக்கிறோம், பிரதி இணைத்திருக்கிறோம் என்று முடித்தான். சொல்லொணாத் துயரம் தானாகவே காணாமற் போயிருந்தது. துயரத்தைச் சொல்ல அவனுக்கு இப்போது மதகு இருந்தது.

ஒரு பிள்ளை எழுந்து, "ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதுறது ஏமாத்துறது இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைய பாடவேளை முழுவதும் அதிலேயே போனது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் உள்ளதை மற்றது பொய்யாக்குகிறதா? முகாமையாளருக்குப் போன கடிதத்தைத் தவிசாளர் வாசித்தால் நமக்கு வெட்கம் வருமா? வராது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். வெட்கம் வருமாறு ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிடவேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள். நான் அதை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டவில்லை. அவர்கள் பேசியே கண்டுபிடித்தது அவர்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இது வெறும் பாடசாலைக் காரியம் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மலையக மக்களின் வாழ்க்கை காகிதங்களால் ஆட்டிவைக்கப்பட்ட வாழ்க்கை. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக முடியாது. எழுதுகிறவர் ஒரு துரை, வாசிக்கிறவர் இன்னொரு துரை. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

அதன்பின் வந்தது இன்னும் பெரிய காகிதம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்து, விண்ணப்பித்தால் குடியுரிமை தருவோம் என்றது. மணமானவர்கள் 7 வருடமும் மணமாகாதவர்கள் 10 வருடமும், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். எங்கள் மக்களின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காமல் புறக்கணித்தது. பிறகு, 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி முடிவுத் திகதி நெருங்கும்போது விண்ணப்பங்கள் குவிந்தன. 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

அந்தப் படிவத்தை வாசித்தவர் என்ன தேடினார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மலையில் எத்தனை கல் உடைத்தாய், எத்தனை பிள்ளையைப் புதைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. எந்தத் திகதியில் எங்கே இருந்தாய், அதற்குத் தாள் எங்கே, இடையில் இந்தியாவுக்குப் போயிருந்தால் எத்தனை நாள் என்று கேட்டார். பிறப்புச் சான்று இல்லாமல் லயத்தில் பிறந்து, பேர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டவர்கள் என்ன தாளைக் காட்டுவார்கள்? உள்ளே விடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டுத் திறந்த கதவு அது. நன்றாக எழுதியிருந்தால் எல்லாருக்கும் கிடைத்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாசிக்கிறவரின் கையில் சட்டமே வாளாக இருக்கும்போது, எழுதுகிறவரின் திறமையால் ஓரளவுதான் ஆகும். ஆனாலும் அன்று பலருடைய படிவத்தை வேறு யாரோதான் நிரப்பினார்கள். என்ன எழுதப்பட்டது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். அதை நினைக்கும்போதுதான், என் முன்னால் இருக்கும் பிள்ளை இந்தத் தாள் யாரிடம் போகிறது, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் பழகவேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வருகிறது.

யாருக்கு எழுதுகிறோம் என்பதை நன்றாக அறிந்திருந்தவர்களும் எங்களிடையே இருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனவர். பின்னாளில் ஹட்டனில் குடியேறி, 1931இல் தொழிலாளர் சம்மேளனம் அமைத்து, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தமிழில் தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தினார். ஆட்சியில் இருந்தவர்களின் காதில் விழவேண்டியதை ஆங்கிலத்தில் எழுதினார், அதற்கென்று ஆங்கிலப் பத்திரிகையும் நடத்தினார். எழுத்தறியாத தொழிலாளிக்கு என்ன செய்வது? அங்கேதான் அவருடைய மனைவி மீனாட்சியம்மை வருகிறார். கூட்டங்களில் அவர் பாடினார். சனங்களுக்குத் தெரிந்த மெட்டில், சனங்களின் நிலைமையைப் பாட்டாக்கினார். 1940இல் அவருடைய பாட்டுகள் சிறு புத்தகமாகவும் வந்தன. வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் இருந்து பாடினால் மற்றவர்கள் கேட்டு மனதில் வாங்கிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் ஒருவர் சபைக்கு ஆங்கிலம், இன்னொருவர் லயத்துக்குப் பாட்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, மீனாட்சியம்மையைப் பற்றித்தான் அதிகக் கேள்வி வரும். பெண் பிள்ளைகள் அவரைப் பற்றி மேலும் கேட்பார்கள்.

சி. வி. வேலுப்பிள்ளையும் அப்படித்தான். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். தோட்டத்து வாழ்க்கையை அறியாத வெளியாருக்காக ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். எங்களுக்காகத் தமிழில் 'வீடற்றவன்' போன்ற நாவல்களை எழுதினார். மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தும் தந்தார். ஒரு பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுத உட்காரும்போது, கட்டுரைப் புத்தகத்தைக் காட்டிலும் இவர்கள் நினைவுக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்றைய சங்கதிக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் கடிதம் எழுதும்போது சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, அனுப்புநர் விலாசம். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், ஊர், இவ்வளவுதான். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதே விலாசம். கடிதம் தோட்டத்து ஒப்பீஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ போய், சில நேரம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வீடு வந்து சேரும். இதனால் வேலை வாய்ப்பை இழந்தவர்களை எல்லாத் தோட்டத்திலும் காணலாம். அதனால் பதில் அவசரமாக வேண்டிய கடிதத்தில், பலரும் டவுனில் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் விலாசத்தை அவரிடம் கேட்டு எழுதுகிறார்கள். கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுதும் நான்கு வரியைப் பாடப்புத்தகம் வெறும் அமைப்பாகக் காட்டுகிறது. எங்களுக்கு அந்த நான்கு வரிதான் கடிதத்திலேயே கவலை தரும் பகுதி.

இரண்டாவது, மொழி. தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அதை மேலும் விரித்தது. உரிமை இருக்கட்டும், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அவர் வாய்மொழியாகச் சிங்களத்தில் சொல்லக் கேட்பார். அப்போது நமது கடிதத்துக்கு இரண்டு வாசகர்கள்: வாய்விட்டு மாற்றிச் சொல்கிறவர், கேட்டு முடிவெடுக்கிறவர். ஏழு வரிக்கு நீளும் அடுக்கு வாக்கியம் முதலாமவரின் வாயிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், திகதியும் அடையாள அட்டை இலக்கமும் இலக்கத்தில், கோரிக்கை முதல் பந்தியிலேயே. தமிழில் எழுதுவதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எழுதிய தமிழ் அந்த மேசை வரைக்கும் முழுசாகப் போகவேண்டும் என்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நான் தரம் 11 பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சியாகவே கொடுக்கிறேன். இதில் எதற்காகத் தகவல் வேண்டும் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்கவேண்டும். காரணம் சொல்லாமல் எழுது என்றால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "ஏழைத் தொழிலாளர்களாகிய நாம்" என்று தொடங்கியே பழகிய கை. அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கேள்வி மிஞ்சும். "எங்கள் தோட்டத்துக்கு ஏன் எதுவும் செய்யவில்லை?" என்று ஒரு பிள்ளை எழுதினாள். அதற்கு எந்த அலுவலரும் கோப்பைத் திறந்து பதில் தர முடியாது. "2023, 2024 ஆகிய ஆண்டுகளில் தோட்டப் பாதைகளுக்கென்று சபை ஒதுக்கிய தொகை எவ்வளவு? அதில் செலவானது எவ்வளவு? எந்தெந்தப் பாதைகள்?" என்று மாற்றினாள். கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல ஒரு கோப்பு தேவைப்படுகிறது.

சோதனையை நான் ஒதுக்கிவைக்கவில்லை. சாதாரண தரத்துக்குப் போகும் பிள்ளையிடம் "புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதே" என்று சொல்வது கொடுமை, அந்தப் புள்ளிதான் பலருக்கு லயத்தை விட்டு வெளியே போகும் பஸ். விடைத்தாள் திருத்துகிறவரும் ஒரு வாசகர்தான் என்று சொல்லிக் கொடுக்கிறேன். அவர் எங்கள் தோட்டத்தைப் பார்த்திராத ஓர் ஆசிரியராக இருக்கலாம். முன்னால் கட்டுக்கட்டாகத் தாள், பக்கத்தில் புள்ளித் திட்டம். கையெழுத்துத் தெளிவாக இருக்கவேண்டும், பந்தி பிரிக்கவேண்டும், பிழை கூடாது. இவை அவருக்கு நாம் காட்டும் மரியாதை. அரைப்பேர் என்றால் அவருக்கு விளங்காமல் போகலாம், அதை ஒரு வரியில் விளக்கவேண்டும். அந்த ஒரு வரி விளக்கத்தில்தான் பல பிள்ளைகளின் கட்டுரை உயிர் பெறுவதை நான் பார்க்கிறேன். நாற்பதாவது தாளிலும் பச்சைக் கம்பளத்தைக் கண்டவருக்கு, தண்ணீருக்கென்று கிலோ கழிக்கும் தராசு புதிதாக இருக்காதா?

இந்தத் தவணையில் நடப்பது வேறொரு கடிதம். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லாத் தோட்டத்திலிருந்தும் உண்டு. அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போன ரயிலை எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் குடும்ப வரலாறு எழுதுகிறார்கள். ஒரு மாணவியின் அம்மாயிக்குத் தங்கச்சி ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். எந்த வருடம் போனார்கள், கடவுச்சீட்டில் யார் யார் பெயர் இருந்தது, கூடவந்து விடுபட்டவர் யார் என்று அவரிடம் கேட்கவேண்டும்.

மாணவி முதலில் எழுதியது தகவல் உரிமை விண்ணப்பம் போலவே இருந்தது: கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு, கேள்வி மூன்று. நான் எதுவும் சொல்லவில்லை, அம்மாயியிடம் வாசித்துக் காட்டிவிட்டு வரச் சொன்னேன். அம்மாயி கேட்டுவிட்டு, "எடுத்ததும் அதைக் கேக்காத, அவ அழுதுருவா" என்றாராம். யாருக்கு எழுதுகிறோம் என்ற பாடத்தை அம்மாயி ஒரு வரியில் நடத்திவிட்டார். இப்போது கடிதம் நலம் விசாரிப்பில் தொடங்குகிறது. பீலிக்கரையில் இருந்த பலா மரம் இன்னும் காய்க்கிறது என்ற செய்தி அடுத்து வருகிறது. கேள்விகள் மூன்றாம் பந்தியில்தான் இருக்கின்றன, அதுவும் "அம்மாயி கேக்கச் சொன்னாங்க" என்று. பேத்தி கேட்டால் சின்னப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கதை என்று விட்டுவிடலாம், அக்கா கேட்டால் தங்கச்சி பதில் சொல்லியாகவேண்டும் என்பது மாணவியின் கணக்கு. விடுபட்டவர் யார் என்ற கேள்வியை இந்தக் கடிதத்தில் வைப்பதா, பதில் வந்த பிறகு அடுத்ததில் வைப்பதா என்று அவளும் அம்மாயியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.